பதினெட்டு நாள் சீசன்

2019 மே 22 அன்று லூதியானாவின் குரு நானக் மைதானத்தில், மதுரையின் சேது எஃப்.சி. அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்தது. பெண்கள் கால்பந்தில் இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு லீக் கிடையாது. போடிநாயக்கனூரில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய் இறங்கிவிடக்கூடிய ஓர் ஊரின் அணி, நாட்டுக்கே முதல் அணி ஆகியிருந்தது. மறுநாள் மே 23, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. தமிழ்நாட்டில் அதிமுக வென்ற ஒரே தொகுதி தேனி. எங்கள் பக்கம் அன்றைக்குப் பேச வேறு விஷயம் இருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் தீபாவளிக்கு ‘பிகில்’ வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி ஒன்று கோப்பை வெல்லும் கதை. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: பிகில் பார்த்தவர்கள் கை தூக்கட்டும், பிறகு சேது எஃப்.சி. என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்கட்டும். நான் கேட்ட இடங்களில் இரண்டாவது கேள்விக்கு எழுந்த கைகளை எண்ண ஒரு கையே போதுமாக இருந்தது. நிஜத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கோப்பை வென்ற அதே ஆண்டில்தான், அப்படி ஒன்று நடக்க ஒரு கதாநாயகன் வந்து இறங்க வேண்டும் என்று கோடிக்கணக்கில் செலவு செய்து நமக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

அந்தப் படத்தின் மீது எனக்குள்ள கோபம், விஜய் பயிற்சியாளராக வந்தார் என்பதல்ல. படம் வைக்கும் நோயறிதல்தான் பொய். ஆசாரமான வீட்டின் அடுக்களையில் மாட்டிக்கொண்ட ஒருத்தி, அமிலம் வீசப்பட்டு வீட்டுக்குள் முடங்கிய ஒருத்தி, இவர்களைத் தேடிப் போய்க் கதாநாயகன் தைரியம் சொல்கிறார். உடல் பருத்த ஒரு பெண்ணை ரோஷம் வரட்டும் என்று எல்லோர் முன்னும் உடலைச் சொல்லி இழிவுபடுத்துகிறார், படம் அதற்கு ஊக்கம் என்று பெயர் வைக்கிறது. மொத்தத்தில் பெண்களிடம் குறைவது துணிச்சல், அதை ஓர் ஆண் ஊட்டிவிட்டால் கோப்பை வந்துவிடும். விளையாட்டில் ஜெயித்த ஏழைப் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் கட்டுரைகளும் இதே மருந்தைத்தான் வேறு புட்டியில் விற்கின்றன. குடிசை, கண்ணீர், மன உறுதி, பதக்கம். நான்கே படி.

துணிச்சலில் என்ன குறை? போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் விடியாத இருட்டில், ஆள் அடைத்த ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் ஏறி இறங்கும் பெண்களிடம் போய்த் துணிச்சலைப் பற்றி வகுப்பு எடுக்க முடியுமா? அவர்களிடம் இல்லாதது வேறு. அவர்களுடைய மகள்களிடம் இல்லாததும் அதுதான். நேரம் இல்லை. விளையாட்டு மொழியில் சொன்னால், அவர்களுக்குச் சீசன் இல்லை.

சீசன் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். சேது எஃப்.சி. வென்ற அந்த லீக் மே 5 ஆம் தேதி தொடங்கி மே 22 ஆம் தேதி முடிந்தது. பதினெட்டு நாள். பன்னிரண்டு அணிகளையும் ஒரே ஊரில் கொண்டுபோய் இறக்கி, பஞ்சாபின் மே மாத வெயிலில் வரிசையாக ஆட வைத்து, கோப்பையைக் கொடுத்து ரயிலேற்றிவிட்டார்கள். சாம்பியன் ஆக சேது ஆடியது ஏழு ஆட்டம். இதே 2018-19 இல் ஆண்கள் பக்கம் பாருங்கள். சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கை வென்றது. அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை இருபது ஆட்டம். கோயம்புத்தூரில் சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், கடைசி நாளில் அந்த மைதானத்திலேயே 3-1 வெற்றி. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, இரண்டு தேசிய சாம்பியன்கள், கடைசி ஆட்டத்தின் கோல் கணக்குக்கூட ஒன்றேதான். ஆண்கள் அணிக்கு நாலரை மாதம் கிடைத்தது, பெண்கள் அணிக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லை.

மைதானத்துக்குக் கூட்டம் வருவதில்லை, அதனால் பணம் இல்லை, பணம் இல்லாததால் நீண்ட லீக் நடத்த முடியவில்லை என்பார்கள். மதுரை அணி ஓர் ஆட்டம்கூட மதுரையில் ஆடவில்லை. லூதியானாவுக்கு மதுரைக்காரி எப்படி வருவாள்? சொந்த ஊரில் ஆடவிடாமல் செய்துவிட்டு, பார்க்க ஆள் வரவில்லை என்று கணக்கு எழுதுவது திருட்டுக் கணக்கு. கொரோனா காலத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020-21 இல் ஆண்களின் ஐ.எஸ்.எல். போட்டியை கோவாவில் பாதுகாப்பு வளையம் அமைத்து, காலி மைதானங்களில் மாதக்கணக்கில் நடத்தி முடித்தார்கள். கூட்டம் இல்லாதது அப்போது தடையாக இல்லை. பெண்கள் லீக்கைத் தள்ளிப்போட்டுப் பிறகு ரத்து செய்துவிட்டார்கள். 2019 இல் சேது எஃப்.சி.யில் ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், 2020 ஊரடங்கில் காவல்துறை உதவி ஆய்வாளராகச் சென்னைத் தெருவில் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். சோறு போட்டது போலீஸ் வேலை. நாட்டின் சாம்பியனுக்கு லீக் சோறு போடாது.

இந்த இடத்தில் பிரான்ஸைக் கொண்டுவருகிறேன், காரணத்தோடுதான். அந்த 2018-19 இல் பிரான்சின் பெண்கள் முதல்நிலை லீக்கிலும் பன்னிரண்டு அணிகள்தான். நம் எண்ணிக்கையேதான். ஒவ்வொரு அணியும் மற்றப் பதினொன்றுடன் உள்ளூரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை என 22 ஆட்டம். கோடை முடிவில் தொடங்கி அடுத்த கோடை வரும்வரை நடந்தது. சேது கோப்பை எடுப்பதற்கு நான்கு நாள் முன்பு, மே 18 அன்று, அந்த லீக்கின் லியோன் அணி புடாபெஸ்டில் பார்சிலோனாவை 4-1 என்று வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. மூன்று கோல் அடித்தவர் நார்வேக்காரி அடா ஹெகர்பெர்க். லியோன் 2007 முதல் 2020 வரை தொடர்ந்து 14 முறை பிரெஞ்சு லீக்கை வென்ற அணி. அந்தப் பெண்களுக்குப் பிறவியிலேயே காலில் ஏதோ இருந்ததால் அல்ல. 2004 இல் ஆண்கள் கிளப் அந்தப் பெண்கள் அணியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சம்பளம், மருத்துவர், பயிற்சித் திடல் எல்லாம் கொடுத்தது. ஆண்டு முழுவதும் கால்பந்தைத் தவிர வேறு வேலை பார்க்க வேண்டாம் என்ற நிலைமைதான் அந்தப் பதினான்கு.

சேது அணியில் 2019 இல் ஆடிய ஒருவர், இந்த இரண்டு லீக்குகளையும் தன் காலால் இணைத்தவர். சபித்ரா பண்டாரி, நேபாளத்தின் லம்ஜுங் மலைப்பகுதியில் பிறந்த முன்கள ஆட்டக்காரர். மதுரை அணிக்காக ஆடிக் கோப்பை வென்றவர், பிறகு கேரளத்தின் கோகுலம், பிறகு இஸ்ரேல் என்று போய், 2024 ஜனவரியில் பிரெஞ்சு முதல்நிலை லீக்கின் கேங்காம் அணியில் சேர்ந்தார். கேங்காம் எங்கே இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்களிலேயே பலருக்கு வரைபடத்தில் காட்டத் தெரியாது. பிரிட்டனி பகுதியில் சுமார் ஏழாயிரம் பேர் வாழும் சிற்றூர். அந்த ஊர் மைதானத்தில் ஊர் மக்கள் தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கை இருக்கிறது. போடியின் மக்கள் தொகை அதைப் போல் பத்து மடங்கு. பெரிய நகரமாக இருந்தால்தான் பெண்கள் அணி நிற்கும் என்பவர்கள் கேங்காமைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிரான்ஸ் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1941 இல் விஷி அரசு பெண்கள் கால்பந்தையே தடை செய்தது. பிரெஞ்சுக் கூட்டமைப்பு அதை மறுபடி அங்கீகரிக்க 1970 ஆயிற்று. 2018 டிசம்பரில் பாரிஸில், பெண்களுக்கான முதல் தங்கப் பந்து விருதை வாங்க மேடையேறிய ஹெகர்பெர்கிடம், இடுப்பை ஆட்டி ‘ட்வெர்க்’ ஆடத் தெரியுமா என்று கேட்டார் நிகழ்ச்சியை நடத்தியவர். தெரியாது என்று சொல்லித் திரும்பினார் அவர். தலையில் முக்காடு அணிந்து ஆட உலகக் கால்பந்து அமைப்பு 2014 இலேயே அனுமதித்துவிட்டது, ஆனால் பிரெஞ்சுக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் இன்னும் தடுக்கிறது. ‘இஜாபேஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட முஸ்லிம் பெண்கள் வழக்குப் போட்டார்கள், 2023 ஜூனில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தடையே செல்லும் என்றது. பெண்ணின் விடுதலை பற்றி நமக்குப் பாடம் எடுக்கும் நாடு, பெண்ணின் தலையில் துணி இருந்தால் அவள் காலுக்குப் பந்து தராது. கூட்டமைப்பின் தலைவராக இருந்த நோயெல் லெ கிராய், கேங்காமின் முன்னாள் மேயர், பெண்களிடம் நடந்துகொண்ட விதம் தகாதது என்று அரசின் ஆய்வறிக்கை சொன்ன பிறகு 2023 பிப்ரவரியில் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். ஆக, அதே ஆணாதிக்கம் அங்கேயும் உண்டு. அதோடு அங்கே 22 ஆட்டமும் உண்டு. அந்த இரண்டாவது விஷயம் இருப்பதால்தான் முதலாவதோடு சண்டை போட அங்குள்ள பெண்களுக்குக் காலூன்ற இடம் கிடைக்கிறது. ஹெகர்பெர்க் 2017 முதல் ஐந்தாண்டு தன் நாட்டு அணிக்கு ஆட மறுத்தார், பெண்கள் கால்பந்தை நடத்தும் விதம் சரியில்லை என்று. லியோனில் மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பதினெட்டு நாள் லீக்கில் ஆடுகிறவள் யாரிடம் போய் மறுப்பாள்?

நம்மிடம் என்ன நடக்கிறது? 2024 மார்ச்சில், இரண்டாம் நிலை இந்தியப் பெண்கள் லீக்குக்காக கோவாவில் தங்கியிருந்த இமாச்சல அணியின் ஆட்டக்காரிகள் இருவர், இரவில் அறையில் முட்டை சமைத்ததற்காகத் தேசியக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர் ஒருவரே உள்ளே வந்து தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் கைதானார். இதற்கு மேல் விளக்கம் எழுத எனக்குக் கை வரவில்லை. விளையாடிவிட்டு வந்த பெண்ணுக்குப் பசி. பசிக்கு அவளே சமைக்கிறாள். அதற்கும் அடி.

சரி, போடிக்கு வருகிறேன். இந்த ஊரில் ‘சீசன்’ என்ற சொல் கால்பந்தைக் குறிக்காது. ஏலக்காயைக் குறிக்கும். ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை காய் எடுப்பு. ஒரே செடியில் காய் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை, அதனால் மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்பப் போக வேண்டும். சரம் செடியின் அடியில் தரையோடு ஒட்டிப் படரும். குனிந்து, குந்தி, ஈரத்தில் நகர்ந்து நகர்ந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள், இருட்டும் நேரத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் எடுத்த காய் உலர்ந்து வந்து போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் விலை போகிறது. ஏலம் எத்தனை மணிக்கு, எத்தனை லாட், சராசரி விலை என்ன என்பதெல்லாம் நாள் தவறாமல் பதிவாகிறது. ஒரு பெண் ஜீப்புக்காக எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது எங்கும் பதிவாவதில்லை.

அம்மா மலைக்குப் போனபின் வீட்டில் நடப்பதுதான் என் விஷயம். மூத்த மகள் அம்மா ஆகிறாள். தம்பிக்குச் சோறு, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், துணி, பள்ளி, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. தம்பி மாலை ஐந்து மணிக்கு மட்டையோ பந்தோ எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அந்த ஐந்து மணி அவனுக்கு எங்கிருந்து வந்தது? அக்காவிடமிருந்து வந்தது. ஆண் பிள்ளைகளின் விளையாட்டு நேரம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை, வீட்டில் ஒரு பெண்ணின் நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. மத்திய அரசின் 2019 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். இடைவெளி 202 நிமிடம். ஒரு கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். தினமும் இரண்டு ஆட்டம் ஆடி முடித்து, வியர்வை துடைத்துக்கொள்ளவும் நேரம் மிச்சம். தமிழ்நாடு அரசு 2023 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கிறது, அந்த உழைப்பை உழைப்பு என்று அரசு ஒத்துக்கொண்டது நல்லதுதான். ரூபாயாகக் கொடுத்தார்கள், நிமிடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கடலூரை இதோடு வைத்துப் பாருங்கள். இந்துமதியும் இன்னும் பல ஆட்டக்காரிகளும் ஏன் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள்? அங்கே 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஓர் அகாடமி நடத்தினார். தங்க இடம், சாப்பாடு, பள்ளி, மைதானம். பிள்ளைக்கு வீட்டு வேலை இல்லாத ஒரு மாலை கிடைத்தது. 2018 இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசியப் பெண்கள் பட்டம் எடுத்ததில் அந்த மாலைகளுக்குப் பங்கு உண்டு. ஒரு பெண் குழந்தைக்கு மாலை நேரம் கிடைக்க அவள் வீடே கடலில் போயிருக்க வேண்டும் என்றால், நம் வீடுகளைப் பற்றி என்ன சொல்வது?

‘மலைச்சனத்துக்குப் பந்து விளையாட்டா, வயித்துக்கே வழியில்ல’ என்று ஒரு குரல் வரும். எதிரியிடமிருந்து வந்தால் பதில் சொல்லிவிடலாம், நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. கூலிப் போராட்டம் முடியட்டும், விளையாட்டு பிறகு என்பார்கள். மூணாறைப் பாருங்கள் என்பதுதான் பதில். போடிமெட்டைத் தாண்டிப் போனால் அதே மலைத்தொடர், அதே தமிழ்ப் பெண்கள், ஏலத்துக்குப் பதில் தேயிலை. அங்கே எஸ்டேட்டுகளுக்கு இடையே ஃபின்லே ஷீல்டு என்ற கால்பந்துப் போட்டி 1940களில் தொடங்கித் தலைமுறைகளாக நடந்து வருகிறது. வெள்ளைக்காரக் கம்பெனி ஆரம்பித்தது, பிறகு வந்த கம்பெனிகளும் விடவில்லை. எஸ்டேட் ஆண்கள் ஜெர்சி போட்டு ஆடினார்கள், லயம் முழுக்க வேடிக்கை பார்த்தது. தோட்டத் தொழிலாளிக்கு விளையாட்டு தேவை என்பது கம்பெனிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்தத் ‘தொழிலாளி’ ஆணாக இருந்தான், அவ்வளவுதான். கொழுந்து கிள்ளியவள் பெண். பிரான்சில் பெண்கள் காலிலிருந்து பந்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கிய அதே பத்தாண்டில், மூணாறில் அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. எடை போடும் நேரத்துக்குக் கூடையோடு வரிசையில் நின்றவளை யாரும் மைதானத்துக்குக் கூப்பிடவே இல்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமலும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 11 ஆவது பிரிவு, தொழிலாளர்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி பற்றியது. 12 ஆவது பிரிவு குழந்தைகள் காப்பகம் பற்றியது. தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலக்காயும் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து ஹெக்டேருக்கு மேல் நிலமும் பதினைந்து ஆளும் இருந்தால்தான் பொருந்தும் என்பதால், சிறு தோட்டங்களுக்கு இன்றைக்கு ஒரு ஜீப், நாளைக்கு வேறு ஜீப் என்று போகிற போடிப் பெண் அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். வந்தாலும், தினமும் மாநில எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறவளின் குழந்தை இருப்பது தமிழ்நாட்டில், காப்பகம் கட்ட வேண்டிய முதலாளி இருப்பது கேரளத்தில். 2020 இன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டமும் கரைக்கப்பட்டுவிட்டது. எழுபது ஆண்டு ஏட்டில் இருந்த பொழுதுபோக்கு உரிமையை இந்த மலைச்சரிவில் எந்தத் தொழிற்சங்கமாவது பெண்களுக்காகப் பந்து வடிவில் கேட்டிருந்தால், அந்தத் தீர்மானத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், சந்தோஷமாகப் படிக்கிறேன்.

கேட்க மாட்டார்கள் என்பதைப் பெண்கள் 2015 செப்டம்பரிலேயே புரிந்துகொண்டார்கள். மூணாறில் போனஸை இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைத்தபோது ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆதரவு தர வந்த தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. இருபது சதவீதத்தை வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த கட்டப் போராட்டத்தில் 301 ஆனது. கேட்ட கூலி 500, அது கிடைக்கவில்லை. அந்தச் சாலையில் அமர்ந்த பெண்களின் படங்களை நான் அடிக்கடி பார்ப்பேன். கோபத்தோடு அவற்றில் இன்னொன்றும் தெரியும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, பட்டப்பகலில், பொது இடத்தில், நூற்றுக்கணக்கான பெண்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் பெண்கள் ஒன்றாக இருக்க ஓர் இடம். ஆண்களுக்கு அந்த இடம் தேநீர்க் கடையிலும் மைதானத்திலும் தினமும் இருக்கிறது. நமக்குக் கிடைக்க வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பெண்கள் அணி என்பது நான் புரிந்துகொண்டவரை இதுதான்: வாரத்தில் சில மணி நேரம் இப்படி ஒன்றாக இருக்க, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியில்லாத ஒரு ஏற்பாடு. கோல் விழுவது அதற்கு மேல் கிடைக்கிற சந்தோஷம்.

லீக்கும் கொஞ்சம் மாறியிருக்கிறது, மறைக்க வேண்டாம். 2023-24 இல் இந்தியப் பெண்கள் லீக் உள்ளூர், வெளியூர் ஆட்டங்களாக மாதக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது தர வேண்டும் என்று விதி வந்தது. மாதம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். இதெல்லாம் வந்த பிறகு, 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். சீசன் நீண்டால் கால் நீளும் என்பதற்கு வேறு சாட்சி தேடத் தேவையில்லை. ஆனால் அந்த லீக்கில் இருப்பவை ஏழெட்டு கிளப்புகள். மதுரையில் ஓர் அணி இருப்பதால் போடிப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாது. 2010 கடைசியில் நிறுத்திய மதுரை-போடி ரயில் திரும்ப வர 2023 ஜூன் ஆயிற்று. பன்னிரண்டு வருடம், ஒரு பெண் குழந்தை பிறந்து வயதுக்கு வருகிற காலம். வயதுக்கு வந்தபின் அவளை மைதானத்துக்கு அனுப்புவார்களா என்பது அடுத்த சண்டை.

எனவே மேலிருந்து லீக் வந்து இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறேன். இந்தப் பள்ளத்தாக்குக்கு அதன் சொந்தக் காலக்கணக்கு இருக்கிறது. தை முடிந்தால் மலையில் காய் எடுப்பு ஓய்கிறது. மாசி முதல் வைகாசி வரை ஜீப்கள் குறைவாக ஏறும், அம்மாக்களில் பாதிப் பேராவது மாலையில் வீட்டில் இருப்பார்கள், கூலியும் குறைவாக இருக்கும், அதையும் சேர்த்தே சொல்கிறேன். அதுதான் நமக்குக் கால்பந்து சீசன். போடி, தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். எட்டு ஊர், எட்டுப் பெண்கள் அணி. ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு சொந்த ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை. அணிக்குப் பதினான்கு ஆட்டம், நாட்டின் சாம்பியன் 2019 இல் ஆடியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. வாரம் ஓர் ஆட்டம் என்றால் பதினான்கு வாரம். நடுவில் பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வுக்கு மூன்று வாரம் விட்டாலும் வைகாசி முடிவதற்குள் முடிந்துவிடும். எட்டு ஊரும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன, பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை. அம்மாக்களுக்குத் தனி அணி வேண்டும் என்று யாராவது கேட்டால் சிரிக்காமல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு என்று வைத்தால் அடுப்பு அவளைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் மைதானத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதின்மூன்று வயதுக்கு மேல் ஒருத்தியும் வரமாட்டாள், அதற்குப் பயம் என்று பெயர் வைப்பார்கள். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் கூடவே ஒரு பெண் பொறுப்பாளர் இல்லாமல் எந்தப் பயணமும் கிடையாது. 2022 இல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியோடு வெளிநாடு போன உதவிப் பயிற்சியாளரைப் பாலியல் அத்துமீறல் புகாரில் பாதியிலேயே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது நினைவிருக்கட்டும்.

இதைப் படிக்கிற மாணவிகளில் யாராவது தேனி மாவட்டத்தில் இருந்தால், கூட்டம் போட்டு அமைப்பு தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் ஊரில் பெண்கள் ஆட எந்த மைதானம், வாரத்தில் எந்த மூன்று நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நகராட்சியிடம் மனுக் கொடுத்து, பதிலை முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். அந்த நேரத்தில் பையன்கள் ஸ்டம்பு ஊன்றிக்கொண்டிருப்பார்கள். கடிதத்தைக் காட்டுங்கள்.